தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் இரண்டு? டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ் பறந்தவர்கள் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:
குளிர்காலம். டோக்கியோவில் சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பி, லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்கினேன். பசிபிக் நடுவில் தேதியை மாற்றும் கோடு, அந்தத் தேதிக்கோடு கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். என்னை இன்னும் உறுத்துவது இருக்கைக்கு முன்னால் இருந்த அந்தத் திரைதான். நடுக்கடல், சுற்றிலும் எல்லாரும் தூக்கம், வேகம் மணிக்கு 1,170 கி.மீ. என்று காட்டுகிறது. இந்த விமானம் இதையெல்லாம் தாங்குமா? கையில் இருந்த தண்ணீர் டம்ளரோ அசையக்கூட இல்லை.

இரவுப்பயணி:
அது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம். சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தவரை விமானம் எப்போதும்போல 900 சொச்சத்தில்தான் போகிறது. அந்தக் காற்றே கிழக்கே ஓடுகிறது, அவ்வளவுதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் அந்த வேகக்காற்று, ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் 300 கி.மீ. வேகத்தையும் தாண்டும். நான் எதிர்த்திசையில் வந்தவன். திரையில் 740. மீதி தூரம் குறைவேனா என்றது. கிழக்கே போக 10 மணி நேரம், மேற்கே திரும்ப 12. தூரம் அதே 8,800 கி.மீ.

நேர்கோடு:
பூமி சுழல்வதுதான் காரணம். இதற்கு இவ்வளவு பேச்சா?

இரவுப்பயணி:
பூமி சுழல்வது கிழக்கே. நீங்கள் சொல்கிற கணக்குப்படி மேற்கே போகிறவனை நோக்கி ஊரே வந்து சேர வேண்டும், அவனுக்குத்தான் நேரம் குறைய வேண்டும். நடப்பது தலைகீழ். காற்றும் பூமியோடு சேர்ந்துதானே சுற்றுகிறது!

வடக்குவாசி:
"அதே 8,800" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது உருண்டைமேல் அளந்த மிகக்குறுகிய தூரம். எந்த விமானமும் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. கிழக்கே போகும்போது காற்றைப் பிடிக்கத் தெற்கே இறங்கும், திரும்பும்போது அதற்குப் பயந்து அலாஸ்கா பக்கம் ஏறும். காற்றாவது பரவாயில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கி – டோக்கியோ 2022க்கு முன் ஒன்பதரை மணி நேரம். ரஷ்ய வான்வெளி மூடியபின் 13. நான் போனது வடதுருவம் வழியாக. ஜன்னலுக்குக் கீழே வெறும் வெள்ளை, எது மேகம் எது பனி என்றே தெரியவில்லை.

அப்புறம், இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் கவனியுங்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாயிலிலிருந்து நகர்ந்தது முதல் அடுத்த வாயிலில் நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம். தூரத்தை 900ஆல் வகுத்துத் திட்டம் போடாதீர்கள். கிளம்பும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிக் கழியுங்கள். கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், ஜப்பான் தள்ளாது. அதையும் சேருங்கள். மேற்கே போகிற பயணத்துக்குப் பின் இணைப்பு இருந்தால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். நடுநடுவே எழுந்து நடங்கள்.

ஜன்னலோரம்:
இணைப்பு விமானம் பற்றி யார் கேட்டார்கள்? துருவத்தைத் தாண்டும்போது திரையில் வேகம் எவ்வளவு இருந்தது, அதைச் சொல்லுங்கள்.