அம்மாவோட ரத்த ரிப்போர்ட்ல 'பேசோ' (வெள்ளணுவுல ஒரு வகை) பக்கத்துல ஒரு ஸ்டார். உங்க வீட்டுல யாருக்காவது வந்திருக்கா?

தாம்வே தம்பி:
மூணு வாரமாச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. அம்மாவுக்கு சர்க்கரை பார்க்கத்தான் போனோம். கூடவே சிபியும் (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற டெஸ்ட்) எடுத்துடலாமான்னு கேட்டாங்க, சரின்னுட்டேன். சாயங்காலம் பேப்பர் வாங்கப் போனா, கவுண்டர்ல கன்னம் நிறைய தனக்கா (பர்மாவுல பூசற மரப்பட்டைச் சாந்து) பூசின ஒரு சின்னப் பொண்ணு. கவர்ல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேலேர்ந்து கீழே விரல் வச்சுப் பார்த்துச்சு. விரல் ஒரு வரியில நின்னுச்சு. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமயே "ஸயாகிட்ட (டாக்டர்கிட்ட) காட்டிடுங்க"ன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுச்சு. விரல் நின்ன இடம் பேசோஃபில், அதான் பேசோ. 2.3 விழுக்காடு, பக்கத்துல அளவு தாண்டினதுக்கான ஸ்டார். மத்த வரியெல்லாம் சுத்தம்.

பஸ்லயே போனை எடுத்துத் தேடிட்டேன். மூணாவது வரியிலேயே ரத்தப் புற்றுநோய். வீட்டுக்கு வந்தா அம்மா வாசல்ல நிக்கிறாங்க. "சர்க்கரை ஏறிடுச்சாடா?" வாயில வந்தது, "ஆமாம்மா, கொஞ்சம்." சர்க்கரை நார்மல்! அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து அம்மா டீல சீனி போடறதை நிறுத்திட்டாங்க.

மூணு நாள் தூக்கமில்லாம இருந்துட்டு ஸயாகிட்ட போனேன். அவர் பேசோ வரியைப் பார்க்கவே இல்ல, மொத்த வெள்ளணு எவ்வளவுன்னு பார்த்தார். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 5,200. பேப்பர் ஓரத்துல பேனாவால பெருக்கினார்: 2.3 விழுக்காடுன்னா ஏறக்குறைய 120. "சில லேப் 100 வரைக்கும் சரிங்கும், சில லேப் 200 வரைக்கும் சரிங்கும். ஒரு மாசம் விட்டு மறுபடி எடுங்க." அவ்வளவுதான், ரெண்டு நிமிஷம். வெளியே வந்து படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன், கால் வரல. வேற யாருக்காவது இப்படி?

மைக்ரோஸ்கோப் மாமா:
தம்பி, நான் லேப்ல 22 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். என் கதை ஒரே வரி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஸ்லைடுல வரிசையா மூணு பேசோ பார்த்துட்டு சீஃப்கிட்ட ஓடினேன். அவர் "இன்னும் நூறு எண்ணு"ன்னார். எண்ணினேன், ஒண்ணுகூட இல்ல.

இப்ப எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் சொல்றேன். கையால பார்க்கும்போது நாங்க நூறு வெள்ளணுதான் எண்ணுவோம். பேசோ சாதாரணமா அதுல ஒண்ணு வரும், இல்லாட்டி வராது. வெள்ளணுக்கள்லயே இதுதான் ஆகக் குறைச்சல். கூடுதலா ஒண்ணு வந்தா 1 விழுக்காடு 2 ஆயிடும். அதை "ரெட்டிப்பு"ன்னு சொல்லிக்கிட்டு அழலாமா? மெஷின் ஆயிரக்கணக்குல எண்ணும், அதனால அந்தத் தப்பு குறையும். ஆனா மெஷினுக்குக் கண்ணு கிடையாது. முதிராத செல், உருமாறின லிம்போசைட் (வெள்ளணுவுல வேற வகை), இதையெல்லாம் சில சமயம் பேசோ கணக்குல தள்ளிடும். சந்தேகம்னா ஸ்லைடு போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. பேசோவைத் தவறவிடவே முடியாது, நாவப்பழத்தைக் கசக்கி அப்பின மாதிரி கருநீலப் புள்ளி உட்கருவையே மறைச்சிருக்கும். பேஸிக் சாயத்தை, அதாவது காரத்தன்மை உள்ள சாயத்தை, அப்படி இழுத்துக்கிறதாலதான் அந்தப் பேரு. ஜெர்மன்காரர் பால் எர்லிக் 1879-லயே எழுதி வச்சுட்டார். அந்தப் புள்ளிக்குள்ள இருக்கிறது ஹிஸ்டமின் (அலர்ஜியில அரிப்பைக் கிளப்பறது), ஹெப்பாரின் (ரத்தம் உறையாம தடுக்கறது).

இன்னொண்ணு. ரிப்போர்ட்ல ரெண்டு இடத்துல பேசோ இருக்கும். ஒண்ணு விழுக்காடு, இன்னொண்ணு எண்ணிக்கை. 0.02-னு போட்டிருந்தா "ஐயோ குறைஞ்சிடுச்சு"ன்னு ஓடி வருவாங்க. அந்த எண்ணிக்கை ஆயிரக் கணக்குல இருக்கும், 0.02 ஆயிரம்னா மைக்ரோலிட்டருக்கு 20. நல்ல எண்ணிக்கை. 0.00 வந்தாலும் பயமில்ல. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் இறங்கும். ஊதா மூடி குப்பியில எடுத்த ரத்தத்தை ரொம்ப நேரம் வச்சிருந்து மெஷின்ல போட்டாலும் கணக்கு கோணும். காலையில எடுத்து சாயங்காலம் ஓட்டுற இடமா இருந்தா...

சிரியம் அக்கா:
மாமா, நடுவுல பேசறேன், மன்னிச்சுக்குங்க. எல்லாத்தையும் மெஷின் தலையில போடாதீங்க. நாங்க அப்படி நினைச்சுதான் நாலு மாசம் விட்டோம்.

என் வீட்டுக்காரருக்கு கைலி முடிச்சு நிக்கல. அதுதான் முதல்ல. வயித்துல இறுக்கிக் கட்டினா இடது பக்கம் அழுத்துதுன்னு தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்ட ஆரம்பிச்சார். தொப்பை போட்டுருச்சுன்னு நானே கிண்டல் பண்ணினேன். ஆனா மூஞ்சி ஒட்டிப் போயிக்கிட்டே இருக்கு. ஒரு கிண்ணம் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) முழுசா சாப்பிட முடியல, பாதியிலேயே வயிறு ரொம்பிடுச்சும்பார். ராத்திரி பனியன் பிழியற மாதிரி வேர்வை. சிபி எடுத்தப்ப வெள்ளணு 1,80,000. பேசோ 7 விழுக்காடு. லேப்ல "மெஷின் தப்பா இருக்கும், அப்புறம் வாங்க"ன்னாங்க. எங்களுக்கும் அதைத்தான் கேக்க ஆசை. அப்புறம் போகவே இல்ல.

கடைசியா பார்த்த டாக்டர் அவரைப் படுக்க வச்சு இடது விலாவுக்குக் கீழே கையை வச்சார். கை இறங்கிக்கிட்டே போச்சு. தொப்புள் கிட்ட வந்து நின்னுச்சு. "இதுவரைக்கும் மண்ணீரல்"ன்னார். அந்தக் கை இறங்கினதை நான் இன்னிக்கும் சமையக்கட்டுல நிக்கும்போது பார்க்கிறேன்.

சி.எம்.எல்., அது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். ஒன்பதாவது குரோமோசோமும் 22-ஆவதும் துண்டை மாத்திக்கிட்டதால வர்றதாம். பிசிஆர்ங்கற மரபணு டெஸ்ட்ல உறுதியாச்சு. இமாட்டினிப் மாத்திரை தினம் ஒண்ணு, இது ஆறாவது வருஷம். 2001-லதான் அமெரிக்காவுல இந்த மாத்திரைக்கு அனுமதியே கிடைச்சுதாம், அதுக்கு முந்தி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. இப்ப கைலியை மேல ஏத்திக் கட்டறார்.

தம்பி, நீங்க பயப்படாதீங்க. கணக்கு போட்டுப் பாருங்க, இவருக்கு பேசோ மட்டும் 12,600. உங்க அம்மாவுக்கு 120.

மைக்ரோஸ்கோப் மாமா:
தங்கச்சி, ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை மெஷின் தப்புன்னு சொன்னவன் லேப்காரனே இல்ல. நான் சொன்னது மொத்தம் நார்மலா இருந்து பேசோ மட்டும் இம்மி ஏறியிருக்கிறவங்களுக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க.

சிரியம் அக்கா:
நீங்க முதல்ல அப்படிப் பிரிச்சுச் சொல்லலியே மாமா. திரும்பப் படிச்சுப் பாருங்க.

பெகு பொண்ணு:
சண்டை வேண்டாமே. என் கதை வேற. எனக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வரும், ஒரு மணி நேரத்துல மறையும், வேற இடத்துல வரும். பங்குனி உத்திரத்தன்னிக்குக் கோயில்ல பால்குடத்தோட நிக்கிறேன், கழுத்துலேர்ந்து கன்னம் வரைக்கும் சிவந்து ஏறிடுச்சு. பக்கத்துல ஒரு பாட்டி பார்த்துட்டு "ஆத்தா இறங்கிட்டா!"ன்னு சத்தம் போட்டாங்க. நிமிஷத்துல என் தலையைச் சுத்தி வேப்பிலை. ஒரு அம்மா கால்ல விழுந்து மகன் கல்யாணத்தைப் பத்திக் கேக்கறாங்க. நான் என்ன சொல்றது? எனக்கு அரிக்குது. கையில குடம், சொறியவும் முடியல. "தை மாசத்துல நடக்கும்"னு சொல்லிட்டேன். (நடந்துச்சு. இப்ப பார்க்கும்போதெல்லாம் கும்பிடறாங்க.)

ரத்தம் எடுக்கும்போது பேசோ ஏறியிருக்கும், அலர்ஜின்னு நிரூபிச்சு மாமியார் வாயை அடைக்கலாம்னு இருந்தேன். அவங்க ஙாப்பி (பர்மாவுல சாப்பிடற மீன் விழுது) மேலயே பழி போட்டுக்கிட்டு இருந்தாங்க. பேசோ 0.1! டாக்டர் சொன்னார், இந்த மாதிரி தடிப்புல பேசோ ரத்தத்துலேர்ந்து தோலுக்குக் கிளம்பிப் போயிடும், அதனால ரத்தத்துல குறைஞ்சே தெரியலாம்னு. அலர்ஜின்னா பேசோ ஏறியே தீரணும்னு இல்ல. ஙாப்பியை விட்டும் பார்த்தேன், தடிப்பு நிக்கல. இப்ப ஙாப்பியும் சாப்பிடறேன், அலர்ஜி மாத்திரையும் சாப்பிடறேன்.

மோல்மேன்காரன்:
எனக்கு பேசோ 2 வந்து, கடைசியில தைராய்டு குறைவுன்னு தெரிஞ்சுது. பேசோவை வச்சுக் கண்டுபிடிக்கல. குரல் கட்டிப் போச்சு, எப்பவும் தூக்கம், மோல்மேன் வெயில்ல எனக்கு மட்டும் குளிருது. டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்த டெஸ்ட், தைராய்டு குறைஞ்சா இது ஏறும்) பார்த்தாங்க, எகிறியிருந்துச்சு. காலையில வெறும் வயித்துல மாத்திரை. தாம்வே தம்பி அம்மாவுக்கு பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் கொடுங்க. பப்பாளி இலைச் சாறும் நல்லது. டெங்கு வந்தப்ப எங்க தெருவே அதைத்தான் குடிச்சுது. காலையில ரெண்டு இலை, காம்பை எடுத்துட்டு, தண்ணி விடாம இடிச்சு, துணியில வடிகட்டி, கசப்புக்கு வெல்லம் கொஞ்சம்...

மைக்ரோஸ்கோப் மாமா:
டெங்குல இறங்கறது தட்டணு, ரத்தத்தை உறைய வைக்கிறது. தம்பி அம்மாவுக்கு டெங்கும் இல்ல, தட்டணுவும் இறங்கல. அந்த அம்மா எதுக்குப் பப்பாளி இலையைக் குடிக்கணும்?

மோல்மேன்காரன்:
நல்லதுக்குத்தான் சொன்னேன் மாமா. இரும்புச் சத்து.

சிரியம் அக்கா:
பீட்ரூட் சாப்பிட்டா பேசோ இறங்காது. தம்பி, அம்மாவுக்கு எடை குறையுதா, ராத்திரி வேர்க்குதா, இடது பக்கம் கனமா இருக்கா, இதை மட்டும் கேளுங்க. அடுத்த டெஸ்டை அதே லேப்லயே எடுங்க, அப்பதான் ஒப்பிட முடியும். மாமாவும் இதுக்கு ஒத்துக்குவார்னு நினைக்கிறேன்.

மைக்ரோஸ்கோப் மாமா:
ஒத்துக்கிறேன்.

தாம்வே தம்பி:
நேத்து ரெண்டாவது பேப்பர் வந்துச்சு. அதே லேப், அதே பொண்ணு. இந்தத் தடவை விரல் எங்கயும் நிக்கல, மடிச்சுக் கவர்ல போட்டுக் கொடுத்துடுச்சு. பேசோ 0.6, வெள்ளணு 5,900. அக்கா கேட்ட மூணும் அம்மாகிட்ட கேட்டேன். "கனமா இருக்கறது உன் மூஞ்சிதான்"ன்னாங்க.

எல்லாம் சரியா இருக்கும்மான்னு சொன்னேன். "பார்த்தியா, சீனியை விட்டதும் இறங்கிடுச்சு"ன்னு சொல்லிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் அவங்களுக்கும் சீனியை நிறுத்தச் சொல்லிட்டு வந்துட்டாங்க. உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரல. இன்னிக்குக் காலையில என் டீலயும் சீனி இல்ல.