எஸ்.எஸ்.ஆர்: பர்மாவில் இருந்து பார்த்தவர்கள் சொல்கிறோம்

ரங்கூனில் இருந்து:

பராசக்தி என்றதும் எல்லோரும் நேராக நீதிமன்றக் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் படம் எஸ்.எஸ். ராஜேந்திரன் படம். கதையில் ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்களில் கடைசித் தம்பிக்கு மட்டும்தான் கப்பல் டிக்கெட் கிடைக்கிறது. மற்றவர்கள் நடக்கிறார்கள். வழியில் குண்டுவீச்சில் கால் போய், தமிழ்நாட்டில் பிச்சையெடுக்கும் ஞானசேகரன்தான் எஸ்.எஸ்.ஆர்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் புரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்தும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். என் தாத்தா புரோம் வரை போய்க் காய்ச்சலோடு திரும்பியவர். அவருடைய அண்ணன் போனவர் போனவர்தான். பல வருடங்கள் கழித்துச் சித்தப்பா பினாங்கில் இருந்து கொண்டுவந்த வீடியோ கேசட்டில் தாத்தா இந்தப் படத்தைப் பார்த்தார். சிவாஜியின் வசனத்துக்கெல்லாம் தொடையில் தட்டி ரசித்துக்கொண்டிருந்தவர், கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு எஸ்.எஸ்.ஆர் வந்ததும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "இவன்தான் நடந்து வந்தவன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல நடிப்பு. கால் போன பிச்சைக்காரன் என்றால் அழுது புரள நிறைய இடம் உண்டு. அவர் அதைத் தொடவில்லை. பிச்சைக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் வைக்கும் ஆள் அவன். இரக்கத்தை எதிர்பார்க்காமல், வரவேண்டிய பாக்கியைக் கேட்பதுபோல நிமிர்ந்து பேசுகிறான். கருணாநிதியின் வசனத்தைச் சிவாஜி ஏற்றி இறக்கிப் பேசினார் என்றால், இவர் ஒரே மட்டத்தில் நிறுத்திப் பேசினார். இரண்டாவது எளிது என்று நினைப்பவர்கள் வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.

மோல்மேனில் இருந்து:

அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பூம்புகாரையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? 1964இல் வந்த படம். நாங்கள் கோவில் மண்டபத்துத் தமிழ் வகுப்பில் பார்த்தோம். வாத்தியார் வசனத்துக்கு வசனம் கேசட்டை நிறுத்தி, எஸ்.எஸ்.ஆர் சொன்னதை எங்களையும் சொல்லச் சொல்வார். வீட்டுக்கு வெளியே பர்மியமே பேசித் திரிந்த பிள்ளைகளுக்கு ழகரம் லேசில் வராது. அவருக்கு ஒரு எழுத்துகூடத் தேயாது. சிறுவயதில் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர் அல்லவா!

நடிப்பில் எனக்குக் குறை உண்டு. காதல் காட்சி வந்தால் தோள்பட்டை விறைத்துக்கொள்ளும். கோவலன் மாதவியிடம் மயங்கினான் என்பதை நான் நம்பவே இல்லை. எல்லாம் இழந்து கண்ணகி முன்னால் தலைகுனிந்து நின்றபோதுதான் நம்பினேன். அங்கேயும் கண் விஜயகுமாரி மேல்தான் போகிறது. இருவரும் நிஜத்தில் கணவன் மனைவி என்பதால் வந்த நெருக்கமோ என்னவோ.

பெகுவில் இருந்து:

அக்கா, விறைப்பு என்பது உண்மைதான். ஆனால் ரத்தக்கண்ணீரில் அந்த விறைப்புதான் காப்பாற்றியது. எம்.ஆர். ராதா சூறாவளியாகச் சுழலும் படத்தில் நண்பன் பாலுவாக நிற்பது சாதாரண வேலை இல்லை. போட்டிக்குக் கத்தியிருந்தால் காணாமல் போயிருப்பார்.

புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று உறுதியாக இருந்ததால் லட்சிய நடிகர் என்ற பெயர் வந்தது. புராணப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அது பணத்தை விட்டுக்கொடுக்கும் முடிவு. நாங்கள் வருடா வருடம் தீமிதி நடத்துகிறவர்கள், அந்தக் கொள்கை எங்களுக்கு ஒத்துவராது. இருந்தாலும் மனிதரைப் பிடிக்கும். 1962இல் தேனியில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். அரசியல் நல்ல வருடங்களைத் தின்றுவிட்டது என்பது என் எண்ணம். 2014 அக்டோபர் 24 அன்று அவர் காலமான செய்தி வந்தபோது, எங்கள் தெருப் பையன்களுக்கு மூன்று எழுத்தைச் சொல்லியும் ஆள் யாரென்று தெரியவில்லை.

மறுபடியும் ரங்கூனில் இருந்து:

தங்கை சொன்ன காதல் காட்சிக் குறையை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆலயமணியில் சரோஜாதேவியோடு வரும் பாட்டைப் பாருங்கள், முகத்தில் எவ்வளவு இளக்கம்! அந்தப் படத்தில் சிவாஜியின் சந்தேகம் நம்மைச் சுடுவதற்கே காரணம் எஸ்.எஸ்.ஆர்தான். சந்தேகப்படக் கூடாத ஒருவனாக எதிரே ஆள் நின்றால்தானே சந்தேகம் பாவமாகத் தெரியும்? நாயகனைவிட, நாயகனைத் தாங்கும் ஆளாகத்தான் அவர் பெரியவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித் தாங்கத் தெரிந்தவர்கள் குறைவு.

ஒரு வேண்டுகோள். 1957இல் வந்த முதலாளி படம் தெளிவான பிரதியாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஏரிக்கரைப் பாட்டு மனப்பாடம், படத்தை மட்டும் இன்னும் பார்த்ததில்லை. மோல்மேன் பக்கம் இருந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.