கலைத் திருவிழா – நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கிளப்பிவிட ஒரு யோசனை

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம ஊர் மடற்குழுவில் ஓடும் கோயில் கும்பாபிஷேகக் கணக்கு மடல்களுக்கு நடுவில் இது அமுங்கிப் போய்விடக் கூடாது என்றுதான் தனித் தலைப்பில் எழுதுகிறேன். நம்ம பள்ளித் தலைமையாசிரியரோடு போனில் பேசினேன். கலைத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்களாம். பெயர் கொடுத்ததெல்லாம் எப்போதும் மேடையேறும் அதே நாலைந்து பேர்தான்.

ஊரை விட்டு வந்து ரொம்ப நாளானவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் படித்தபோது ஆண்டு விழா ஒன்றுதான் உண்டு. பாடத் தெரிந்தவன் பாடுவான், மற்றவர்கள் கைதட்டுவோம். இப்போது அரசுப் பள்ளிகளில் பள்ளிக்கல்வித் துறையே கலைத் திருவிழா நடத்துகிறது. 2022-23இல் ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கினார்கள், அப்புறம் சின்ன வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. ஓவியம், களிமண் சிற்பம், கதை சொல்லுதல், பலகுரல், வில்லுப்பாட்டு, நாட்டுப்புற நடனம் என்று ஏகப்பட்ட பிரிவுகள். பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், பிறகு மாவட்டம், அதற்கு மேல் மாநிலம். மாநிலத்தில் முதலில் வருகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டமே இருக்கிறது. 2025-26க்குக் கொடுத்த மையக்கருத்து ‘பசுமையும் பாரம்பரியமும்’.

துபாய் அண்ணன் ஜெயிக்கிற பிள்ளைக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். அண்ணே, உங்கள் மனசு பெரிது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பணம் ஏற்கெனவே தைரியமாக மேடையேறுகிற பிள்ளையின் கைக்குத்தான் போய்ச் சேரும். கடைசி பெஞ்சில் நோட்டுக்குப் பின்னால் மாடும் டிராக்டரும் வரைந்துகொண்டிருக்கிற பயல் அதைக் கேட்டு எழுந்து வரமாட்டான். ‘நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகுது’ என்று இன்னும் உள்ளேதான் போவான். அவனைப் பெயர் கொடுக்க வைப்பதுதான் நம்ம வேலை என்று நினைக்கிறேன். பரிசை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகள் ஏன் தயங்குகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் தோண்டிக் கேட்டேன். வட்டாரப் போட்டி என்றால் டவுனுக்குப் போய்வர வேண்டும், திரும்ப இருட்டிவிடும், பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அம்மாக்கள் யோசிக்கிறார்கள். நடனம் என்றால் உடுப்பு வாடகை. இதெல்லாம் ஒரு வேனும் கூட வர ஓர் அத்தையோ மதினியோ இருந்தால் தீர்ந்துவிடும். பெரிய தயக்கம் வேறு. ‘பசுமையும் பாரம்பரியமும்’ என்றதும் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. போனைத் தட்டிப் பார்க்கிறது. கண்ணீர் விடும் பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கை, பக்கத்தில் ஒரு மரம், கீழே ‘மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்’. அதையே பார்த்து வரைகிறது. வட்டாரத்துக்குப் போனால் எல்லாப் பள்ளியிலிருந்தும் அதே பூமி உருண்டை அழுதுகொண்டு வந்து நிற்கும். நடுவராக உட்காருகிறவர் பாவம்.

நம்ம சிவகங்கைச் சீமைப் பிள்ளைக்கு இந்தத் தலைப்பில் என்ன குறை, சொல்லுங்கள்! புரவி எடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், எடுத்து மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் கொடுக்கிறோம், அவர் அந்த மண்ணில் குதிரை செய்கிறார், ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனாருக்கு வைக்கிறது, அப்புறம் அது வெயிலிலும் மழையிலும் கிடந்து மறுபடி மண்ணாகிறது. பசுமையும் பாரம்பரியமும் என்று இதைவிட யார் என்ன காட்டிவிட முடியும்? களிமண் சிற்பத்துக்கு ஒரு புரவி போதும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அந்தத் தொழில் தெரிந்தவர் ஒருவரை ஒரு சனிக்கிழமை பள்ளிக்குக் கூட்டிவந்தால் போதும். மண்ணில் சின்னக் கல்கூட இல்லாமல் பொறுக்கிப் பிசைவது எப்படி, காலைத் தடிமனாக உருட்டி நிறுத்தி, ஈரம் கொஞ்சம் இழுத்த பிறகு உடம்பை ஏற்றுவது எப்படி என்று கையைப் பிடித்துக் காட்டிவிடுவார். ஈர மண்ணில் அவசரமாக உடம்பை ஏற்றினால் குதிரை முட்டி மடங்கி உட்கார்ந்துவிடும். போட்டியில் நேரம் கொஞ்சம்தான், அதனால் இதை முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். வருகிறவருக்கு அன்றைய கூலியைக் குறைவில்லாமல் கொடுக்க வேண்டும், வெறும் சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. இதை அழுத்தியே சொல்கிறேன்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்குப் பறவைகள் வருவது உங்களுக்குத் தெரியும். அவை மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை போய் இனிப்புக் கொடுத்துப் பாராட்டுகிறது. வெடி கேட்டு அழும் தம்பிக்கு அக்கா என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவாள்? கதை சொல்லுதலுக்கு இது ஒன்றே போதும். ஓவியத்துக்கு மீன்பிடித் திருவிழா இருக்கிறது: கண்மாய் வற்றும்போது ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையோடும் கச்சா வலையோடும் சனம் மொத்தமும் தண்ணீருக்குள் இறங்குமே, அந்தச் சேறும் கூச்சலும். ஒயிலாட்டம் தெரிந்த பெரிசுகள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சாயங்காலம் ஊர்ப் பொது மந்தையில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை.

இங்கேதான் நம்ம பங்கு வருகிறது. கண்மாயில் மீன் பிடித்ததையும் மடை திறந்ததையும் நேரில் பார்த்த தலைமுறையில் பாதிப்பேர் இந்த மடற்குழுவில்தான் இருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள், ஊர் நேரம் மாலை ஐந்து மணி போல, இரண்டிரண்டு பேராக வீடியோ காலில் பிள்ளைகளோடு பேசலாம். பாடம் நடத்த வேண்டாம், ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். அவர்கள் கேட்க, நாம் சொல்ல, அவ்வளவுதான். பனை நுங்கை எப்படிச் சீவினோம், கண்மாய்க்கு எந்த வழியாகத் தண்ணீர் வந்தது, சீமைக்கருவேலம் மண்டுவதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது. சிங்கப்பூர் மாமா மடைக் கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அது வேறு.

இன்னொன்று. நான் இருக்கும் அமெரிக்காவில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ‘ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ என்று 1969இலிருந்து ஒரு போட்டி நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு தலைப்பு. ஓவியம், எழுத்து, இசை, நடனம், நிழற்படம், குறும்படம் எதில் வேண்டுமானாலும் பிள்ளை சேரலாம். அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. படைப்போடு, தலைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளையே நாலு வரி எழுதி வைக்க வேண்டும். ஊர்ப் போட்டியில் அது கேட்கப்படாவிட்டாலும் பயிற்சிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ‘இந்தக் குதிரையை ஏன் செய்தாய்?’ என்றால் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் அது பிள்ளையின் யோசனை இல்லை, அப்பாவுடையது. இந்த விஷயத்தில் நம் ஆட்கள் இங்கே அடிக்கும் கூத்தைப் பற்றி எழுதினால் சண்டை வரும், விட்டுவிடுகிறேன். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இந்தப் போட்டி இருந்தால் சேர்த்துவிடுங்கள். ஊர்ப் பிள்ளையும் நம்ம பிள்ளையும் வரைந்ததை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளட்டும்.

பண விஷயம். வேன் வாடகை, உடுப்பு, வண்ணம், தூரிகை, கற்றுக்கொடுக்க வருகிறவர்களுக்குக் கூலி, இவ்வளவுதான் செலவு. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவே போகட்டும், ரசீது நம்ம மடற்குழுவுக்கு வரட்டும். தயவுசெய்து இதைக் கோயில் கணக்கோடு கலக்க வேண்டாம். பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். துபாய் அண்ணன் அந்த ஐயாயிரத்தை இதற்குத் தந்தால் சந்தோஷம்.

மதுரையில் இருக்கும் நம்ம ஆட்களில் யாராவது ஒருவர் இந்தச் சனிக்கிழமை மானாமதுரைக்குப் போய் வேளாரைப் பார்த்துப் பேசிவர முடியுமா? வீடியோ காலில் பேச விருப்பமுள்ளவர்கள் எந்தக் கிழமை தோதுப்படும் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தால் ரொம்ப நல்லது. சித்திமார்கள் சொல்லும் கதைக்குத்தான் பிள்ளைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள்.