இருக்கை மிஞ்சினால் மட்டும்: ஸ்பேஸ்-ஏ பயண அனுபவங்கள்

வணக்கம். 2009-இல் தமிழ் அறிந்தவன் என்ற தகுதியில்தான் நான் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தேன். மாவ்னி என்ற அந்தத் திட்டம் கேட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது; அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமையும் கிடைத்தது. ராணுவ விமானங்களில் மிஞ்சும் இருக்கைகளை 'ஸ்பேஸ்-ஏ' என்ற பெயரில் படையினருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் கட்டணமின்றித் தருகிறார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, ஊருக்குப் போகும் செலவில் பாதி குறைந்துவிடும் என்று மட்டுமே எண்ணினேன். அதற்கு ஈடாக எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது டெலவேர் மாநிலத்தின் டோவர் தளத்துக்கு மனைவியோடும் ஆறு வயது மகளோடும் போய் உட்கார்ந்த பிறகே புரிந்தது.

அடுத்த 72 மணி நேரத்துக்கான விமானங்களைத் தளத்தில் அறிவிப்பார்கள். இருக்கை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'எஃப்' என்று இருந்தால் உறுதி, 'டி' என்று இருந்தால் மாறக்கூடும். பெயரைப் பதிந்திருந்தால் மட்டும் போதாது. டெர்மினலுக்கு வந்துவிட்டோம் என்றும் தெரிவிக்க வேண்டும், பெயர் கூப்பிடும் நேரத்தில் எதிரே நிற்கவும் வேண்டும். இரண்டு முறை எங்கள் பெயர் வரும் முன்பே இருக்கைகள் தீர்ந்தன. மூன்றாம் முறை, ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்குப் போகும் சி-17 விமானத்தில் மூவருக்கும் இடம் கிடைத்தது.

அது சரக்கு விமானம். இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி 54 இருக்கைகள்; நடுவில் வலையிட்டு இறுக்கிக் கட்டிய சரக்கு. இரைச்சலுக்காக நுரைப்பஞ்சுக் காதடைப்பான்களைக் கொடுத்தார்கள். விமானம் மேலேறி நிலைப்பட்டதும் பணிக்குழுவினர் தரையில் படுக்க அனுமதித்தார்கள். சரக்கைக் கட்டும் வளையங்கள் முதுகில் குத்தாத இடமாகப் பார்த்து என் மனைவி பவானி ஜமுக்காளத்தை விரித்தார். உலோகத் தரையின் குளிர் அதையும் ஊடுருவி ஏறியதால், மகளுக்கு அடியில் என் சீருடைக் கோட்டை மடித்துப் போட்டோம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகளைத் தின்றுவிட்டு அவள் எட்டு மணி நேரப் பயணத்தில் பெரும்பகுதியைத் தூங்கியே கழித்தாள். ராம்ஸ்டைனில் கடவுச்சீட்டுச் சோதனை முடிந்ததும் பிராங்க்பர்ட் சென்று, அங்கிருந்து சென்னைக்குச் சொந்தச் செலவில் போனோம். ஊரிலிருந்து வரும் பெற்றோரை இப்படி அழைத்துச் செல்ல முடியுமா என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். படையின் பதிவில் நம்மைச் சார்ந்தவர்களாக ஏற்கப்பட்டு, அதற்குரிய அடையாள அட்டை பெற்றிருந்தாலன்றி முடியாது.

*

தம்பி எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. நான் கடற்படையில் மருத்துவராக 22 ஆண்டுகள் பணியாற்றி, கமாண்டர் பதவியில் ஓய்வு பெற்றவன். இந்தப் பயணத்தில் பதவிக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதையும், அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணிகளை ஆறு பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். குடும்பத்தில் நேர்ந்த அவசரத்துக்காக விடுப்பில் போகிறவர்கள் முதல் பிரிவு, வழக்கமான விடுப்பில் போகிற படையினர் மூன்றாம் பிரிவு, எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் ஆறாம் பிரிவு. ஒரே பிரிவுக்குள் யார் முன்னதாகப் பெயர் பதிந்தார்களோ அவர்களுக்கு முன்னுரிமை. எங்கள் பதிவு 60 நாள்களுக்குச் செல்லும் என்பதால், பயணத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே மின்னஞ்சலில் பதிந்துவிடுவது என் பழக்கம்.

கலிபோர்னியாவின் டிராவிஸ் தளத்திலிருந்து ஹவாயின் ஹிக்கம் தளத்துக்குப் போக நானும் என் மனைவியும் காத்திருந்தோம். மூன்றாம் நாள் மாலை, பட்டியல் ஆறாம் பிரிவுக்கு இறங்கிவந்து, அடுத்த பெயர்கள் எங்களுடையவையாக இருந்த நேரத்தில், முதுகுப்பை ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் ஓடிவந்தான். வயது பத்தொன்பதுக்கு மேல் இராது. ஹவாயில் தாய் உயிருக்குப் போராடுகிறார் என்று அவசர விடுப்பு பெற்று வந்தவன். எங்களுக்கு வரவிருந்த இரண்டு இருக்கைகளில் ஒன்று அவனுக்குப் போயிற்று. மீதமிருந்த ஒன்றை, இருவராகப் போகிறவர்கள் என்பதால், நாங்கள் பின்னால் நின்ற ஒருவருக்கு விட்டுக்கொடுத்தோம். பேருந்துக்குக் கூப்பிடும் வரை அவன் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தான். அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்காமல், அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். நோயின் பெயரை என்னிடம் சொல்லி, எத்தனை நாள் தாங்குவார் என்று கேட்டான். மருத்துவனாக எத்தனையோ குடும்பங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவனுக்குச் சொல்ல, "போனதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசு, பதில் வராவிட்டாலும் பேசு" என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஹிக்கமில் இறங்கியதும் என் மனைவி முதலில் கேட்டது, "அந்தப் பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பானா?" என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணியின் காரணமாக நிரந்தரமான முழு உடற்குறைபாட்டுக்கு ஆளான முன்னாள் படையினர், ஓய்வூதியத்துக்குரிய ஆண்டுகளை முடிக்காதவர்களாக இருந்தாலும், 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இந்த உரிமையைப் பெற்றிருக்கிறார்கள். அமெரிக்க நிலப்பரப்புக்குள்ளும் ஹவாய், அலாஸ்கா, குவாம் போன்ற இடங்களுக்கும் அவர்கள் போகலாம். அவர்களில் பலருக்குச் சிகிச்சை அளித்தவன் என்ற முறையில், இந்தச் சட்டம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்குத் தெரிந்தவர்களில் அத்தகையோர் இருந்தால் தவறாமல் சொல்லுங்கள்.

*

ஐயா சொன்ன காத்திருப்பு போகும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் உண்டு. என் கணவர் விமானப்படையில் இருக்கிறார். ஒரு டிசம்பரில், நெரிசல் மிகுந்த காலம் என்று தெரிந்தும், இரண்டு பிள்ளைகளோடு ஐரோப்பா போனோம். திரும்பும் வழியில் சி-5 சரக்கு விமானத்தில் இடம் கிடைத்தது; மேல்தளத்தில் 73 இருக்கைகள், எல்லாமே வாலை நோக்கித் திரும்பியவை. இடையில் இறங்கிய ஒரு தளத்தில் இயந்திரக் கோளாறு ஏற்பட்டு விமானம் நின்றுவிட்டது. ஒவ்வொரு காலையும் "நாளை" என்றார்கள். உதிரிப் பாகம் வந்து சேர வேண்டும், அதைப் பொருத்திச் சோதிக்க வேண்டும் என்பது புரிந்தாலும், விடுப்பு முடியும் தேதி நெருங்கியது. தாமதமாகப் போனால் அதற்கு என் கணவர்தான் பொறுப்பு. இருக்கை கிடைக்கவில்லை என்பதைக் காரணமாக ஏற்கமாட்டார்கள். நான்காம் நாள், வேறு வழியின்றி, நால்வருக்கும் பயணிகள் விமானத்தில் சீட்டு வாங்கினோம். புறப்படும் முன்பே அதற்குரிய தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்ததால் கடன் வாங்க நேரவில்லை.

கணவருக்கு இன்று விடுப்பு தொடங்கியிருக்கிறது. காலையிலேயே மறுபடி பெயர் பதிந்துவிட்டோம். இந்த முறை ஜப்பானின் யொகோட்டா தளத்துக்கு. தனிக் கணக்கில் நால்வருக்கும் திரும்பி வரும் செலவுக்கான தொகை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டிகளை இறக்கினேன்.