சிம்ஸ் பூங்கா செடிகளுக்கா, ஊர்க்காரர்களுக்கா?

மேல்குன்னூரான்:
மே மாதம் பழக் கண்காட்சி என்றால் சிம்ஸ் பூங்காவுக்கு எங்கிருந்தோ களை வந்துவிடும். மற்ற மாதங்களில் குன்னூர்க்காரனுக்கு அங்கே என்ன இருக்கிறது? எங்கள் அம்மா வாசல் பக்கத்து பெஞ்சோடு சரி. குளம் வரை இறங்கினால் திரும்பி ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சரிவைக் கொஞ்சம் வெட்டிச் சாய்தளம் போடட்டும். பிள்ளைகளுக்கு உருப்படியாக ஒரு விளையாட்டுத் திடலும் வேண்டும்.

செண்பகம்:
எங்கே வெட்டுவது அண்ணே? 1874ல் சிம்மும் மேஜர் மரேயும் தொடங்கியபோதே அது பள்ளமும் சரிவும்தான். நிலத்தைச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே செடி வைத்தார்கள். மக்னோலியா, மரப்பெரணி, ருத்திராட்சம் எல்லாம் அந்த 12 ஹெக்டேரில்தான் நிற்கின்றன. மண்ணை வெட்டினால் முதலில் போவது மேல்வேர். மரம் அன்றைக்கே சாயாது, நாலு மழை பார்த்துவிட்டுச் சாயும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு படும் பாடு உங்களுக்குத் தெரியாததா?

மேல்குன்னூரான்:
அப்போது போட்டபடியே இருக்கவேண்டும் என்றால் ஊட்டி தாவரவியல் பூங்காவில் இன்று முட்டைக்கோஸ்தான் இருக்கும். 1845ல் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் போட்டு, காய்கறி மலிவாகக் கிடைக்கத்தான் தோட்டம் வைத்தார்கள். 1848ல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் வந்த பிறகல்லவா அது பூங்காவாயிற்று?

செண்பகம்:
அங்கே காய்கறி போய் மரம் வந்தது. நீங்கள் மரம் போய் சறுக்குமரம் வரட்டும் என்கிறீர்கள்!

வெலிங்டன்_டீ:
இரண்டு பேரும் பெரிய வேலையையே பேசுகிறீர்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பெஞ்ச், படி ஓரம் கைப்பிடி, சுத்தமான கழிப்பறை. முதலில் இதைக் கேட்போம். அப்புறம் தண்ணீர். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, நல்லதுதான். ஆனால் பாட்டில் கூடாது என்றால் குழாயாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டாமா? தாகத்தோடு வரும் பிள்ளையை மேட்டில் ஏற்றியா குடிக்க வைப்பது?

மேல்குன்னூரான்:
குழாய்க்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சக்கர நாற்காலி ஏறாது தம்பி.

செண்பகம்:
அதற்கு மேல்மட்டத்துப் பாதையைச் சீராக்கினால் போதும். குளம் வரை வேண்டும் என்றால் எந்த மரத்தை எடுப்பது என்று நீங்களே காட்டுங்கள்.

மேல்குன்னூரான்:
ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், காட்டுகிறேன். அளவு டேப்பும் கொண்டுவருகிறேன்.