வெர்னியர் காலிப்பர் பயிற்சி: யோசனை சொல்லுங்கள்

பணியிடப் பயிற்சி தரும் நண்பர்களுக்கு வணக்கம். 0.02 மி.மீ. வரை படிக்கக்கூடிய வெர்னியர் காலிப்பர் (பொருளைத் தாடைகளுக்கு இடையே பிடித்து அளக்கும் கருவி; நிலையான மெயின் ஸ்கேலும் அதன்மேல் நகரும் வெர்னியர் ஸ்கேலும் இருக்கும்) பழக்குகிறோம். பேட்சுக்கு 12 பேர், கருவி 6. சிக்கல் இரண்டு இடத்தில். வெர்னியரின் பூஜ்யக் கோட்டை விட்டுவிட்டு, நகரும் சட்டத்தின் விளிம்பை வைத்து மெயின் ஸ்கேலைப் படிக்கிறார்கள். அடுத்தது பூஜ்யப் பிழை. தாடைகளை மூடியதும் வெர்னியர் பூஜ்யம் மெயின் ஸ்கேல் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் தள்ளி நின்றால், அந்தப் பிழையை அளவிலிருந்து கழிக்க வேண்டும், இடப்பக்கம் என்றால் கூட்ட வேண்டும். இங்கேதான் தலைகீழாகிறது. போர்டில் சூத்திரம் எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள் (சந்தேகம் கேட்கப் பெரியவர்களுக்குக் கூச்சம்), கருவி கைக்கு வந்ததும் குழப்பம்தான். 10.00 மி.மீ. கேஜ் பிளாக்கை (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) முதலில் அளக்கவைத்து, வித்தியாசத்தை அவர்களையே சொல்லவைத்தால் ஓரளவு பிடிபடுகிறது. எழுதத் தடுமாறுபவர்களை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? செய்துகாட்டும் தேர்வுக்குச் செக்லிஸ்ட் மாதிரி இருந்தால் பகிருங்கள்.