1489 சிசி அம்பாசடர் எஞ்சின்: டேப்பட் கவர் கசிவுக்குக் கார்க்கா, ரப்பரா?

காரைக்குடியில் நான் வைத்திருக்கும் 1986ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4 காரில், 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் டேப்பட் கவரின் (எஞ்சினின் மேல்மூடி) பின்மூலையிலிருந்து ஆயில் கசிந்து, சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) சொட்டிப் புகைகிறது. நான்கு மாதங்களில் மூன்று முறை, கவருக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங்கை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. தந்தையார் வாங்கிய வண்டி என்பதால் இப்படியே விட மனம் வரவில்லை.

முதல் முறை பட்டறையில் கார்க் பேக்கிங்கின் இருபுறமும் சிலிக்கோன் தடவிப் பொருத்தினார்கள். கழற்றிப் பார்த்தபோது கார்க் பிளந்திருந்ததோடு, சாம்பல் நிறச் சிலிக்கோன் துணுக்கு ஒன்று கவருக்குள் வால்வுகளை இயக்கும் ராக்கர்களைத் தாங்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட்டின் அருகே ஒட்டியிருந்தது; அது ஆயில் வழியை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருந்தது. இரண்டாவதாகப் போட்ட ரப்பர் பேக்கிங், நட்டை இறுக்கியதும் ஓரத்தில் பிதுங்கிவிட்டது.

அதன் பிறகே, தகட்டாலான கவரின் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பின்மூலையில் அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இரண்டே நட்டுகள் பிடித்திருக்கும் கவரை முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்க வேண்டும். மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பழைய பசையைச் சுரண்டி, நட்டுகளின் அடியிலுள்ள ரப்பர் வாஷர்களையும் மாற்றி, புதிய கார்க் போட்டேன். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. எஞ்சினுள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயிலும் அடைப்பு இல்லை.

இவ்வாறு நிமிர்த்திய கவருக்கு, கார்க்கைக் கவரின் பக்கம் மட்டும் ஒட்டி கவர் அமரும் எஞ்சின் ஹெட்டின் பக்கத்தை உலர்வாக விடுவது சரியா, அல்லது தடித்த ரப்பர் பேக்கிங்தான் ஏற்றதா?